தவளையைக் கட்டியது யார்?

வாடகைப் படகுத்துறையில் படகுகள் எல்லாம் சேற்றில் உட்கார்ந்திருந்தன. குழந்தைகளுக்கான வாத்துப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்துப் படகிடம் ரகசியம் கேட்பதுபோல் கழுத்தை நீட்டியிருந்தது.

"துறையா இது? பல்செட்டைக் கழட்டி வச்ச வாய் மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

கேட்பதற்கு அங்கே செடிக்காரர் மட்டும்தான் இருந்தார். ஆற்று அலுவலகம் அனுப்பிய ஆராய்ச்சியாளர். அகலமான தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். காய்ந்து வரும் ஆற்றுப் படுகையில் எந்தச் செடி எங்கே முளைக்கிறது என்று கவனிப்பது அவர் வேலை. முளைத்த இடத்தில் எல்லாம் சின்னச் சிவப்புக் கொடி குத்துவார்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா. பல வருஷமாத் தூங்கிக்கிட்டிருந்த விதையெல்லாம் இப்பத்தான் கண்ணைத் திறக்குது."

"அதைத் தட்டி எழுப்பணும்னு உங்க மேடத்துக்கு என் பிழைப்புதான் கிடைச்சுதா?"

அந்த மேடம், அக்காவின் சொந்தத் தங்கை.

ஆற்று அலுவலகத்தில் நீர்மட்டப் பிரிவுக்குத் தங்கைதான் தலைவி. அணையின் மதகுகளை எப்போது எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்கிறவள். சரக்கு ஏற்றிய தட்டைப் படகுகளான பார்ஜுகள் தரை தட்டாமல் போக வேண்டும் என்பதற்காக, அணைக்கு மேலே ஆற்று நீர் வருஷம் முழுக்க ஒரே மட்டத்தில் நிறைந்து கிடந்தது. பார்ஜுகளுக்குச் சுகம். கரையோரம் மட்டும் செத்துக்கொண்டே வந்தது. நாணல் போயிற்று, அல்லி போயிற்று, அவற்றை நம்பி வந்த பறவைகளும் வேறு ஊர் பார்த்துப் போயின. ஒரு கோடைக்காவது தண்ணீரை இறக்கி, ஓரத்து மண்ணுக்கு வெயில் காட்டினால் மறுபடி முளைக்கும் என்று தங்கை பல வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள். இந்த வருஷம்தான் உத்தரவு கிடைத்தது. நடு ஆற்றில் பார்ஜ் போகும் பாதைக்கு மட்டும் ஆழம் விட்டுவிட்டு, மற்றதைப் படிப்படியாக இறக்க ஆரம்பித்தாள்.

படியில் முதலில் சிக்கியது அக்காவின் துறை.

மனு கொடுத்தாள். கடைக்காரர்களிடம், தூண்டில் போடுகிறவர்களிடம், மாலையில் நடக்க வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கி இன்னொரு மனு கொடுத்தாள். பிறகு ஒரு நீளமான பலகையில் பெயின்ட்டால் 'விற்பனைக்கு' என்று எழுதித் துறையின் முகப்பில் மாட்டினாள். கணவர் போன பிறகு தனியாக இழுத்துக்கொண்டிருந்த தொழில். மகன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். அவன் ஊரில் ஆறு கிடையாது. வாங்குகிறவர் ஒருவரும் கிடைத்துவிட்டார், சரக்குக் கிடங்கு கட்டப் போகிறாராம். மாதக் கடைசியில் பேசி முடிக்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

தங்கையிடம் அக்கா இதைச் சொல்லவில்லை. பலகை சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று செடிக்காரரோடு வம்பளந்துவிட்டுத் திரும்பும்போதுதான் அக்கா அதைப் பார்த்தாள். பழைய கல் இறக்கத்தின் கோடியில், தண்ணீருக்கு மேல் இரண்டு கட்டைகள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. படகு கட்டும் கம்பங்கள். பள்ளிக்கூட நாட்களில் அவள் அவற்றின் பக்கத்தில்தான் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு நிற்பாள்.

முன் கம்பத்தில் துருப்பிடித்த ஒரு சங்கிலி தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று.

சங்கிலி எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்தாள். கொஞ்ச தூரத்தில் சேற்றுத் தண்ணீருக்குள் மூக்கு மாதிரி ஏதோ புடைத்திருந்தது. அதில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தவளை" என்றாள்.

"இந்த மட்டத்துக்குத் தவளை வராதேம்மா, அடுத்த மழைக்குத்தான்…" என்று ஆரம்பித்த செடிக்காரர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தவளை ஒரு படகு. தூர் வாரும் கப்பல் ஒன்றை உடைக்கக் கொடுத்தபோது அதனோடு இருந்த சின்னப் படகை அப்பா கேட்டு வாங்கி வந்தார். அப்பா அணையில் மதகு இயக்குபவர். குட்டையாக, அகலமாக, தண்ணீரில் குந்தி உட்கார்ந்த மாதிரி இருந்ததால் தவளை. பச்சை பெயின்ட் அடித்த பிறகு அந்தப் பெயரை யாராலும் மாற்ற முடியவில்லை.

அப்போது ஆறு இவ்வளவு அகலம் இல்லை. மட்டம் ஏறும், இறங்கும். இறங்கின மாதங்களில் கரையோரம் முழுக்க நாணல். நடுவில் படகு நுழைகிற அளவுக்குச் சந்துகள் இருக்கும். அக்காவும் தங்கையும் பள்ளி விட்டதும் புத்தகப் பையோடு தவளையில் ஏறிவிடுவார்கள். ஒருத்தி துடுப்பு போடுவாள், ஒருத்தி முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, "இடது, இடது, ஐயோ வலது" என்று கத்துவாள். நாணல் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டே வரும். உள்ளே போனால் ஊர்ச் சத்தம் எதுவும் கேட்காது. பார்ஜ் போனால் மட்டும் அலை கொஞ்ச நேரம் கழித்து வந்து நாணலை ஆட்டும், தவளை வயிற்றைத் தூக்கித் தூக்கி இறக்கும். வீட்டுப் பாடம் எல்லாம் அந்தச் சந்துக்குள்தான். தங்கையின் கணக்கு நோட்டு எப்போதும் அலை அலையாக உப்பியிருக்கும், "இந்த நோட்டு என்ன நீச்சல் பழகுதா?" என்று டீச்சர் கேட்பார்.

பிறகு ஒரு நாள் காலையில் தவளை இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் பலத்த காற்று. அக்கா படகைக் கட்டிவிட்டு வந்திருந்தாள். தங்கை அதற்குப் பிறகு துறைப் பக்கம் இறங்கிப் போனதை வீட்டில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் கல் இறக்கத்தையே விழுங்கியிருந்தது. ஏதோ ஒரு தானிய பார்ஜ் மேலே தரை தட்டி நின்றதால், அதை மிதக்க வைக்க மதகுகளை மூடும்படி அப்பாவுக்கு உத்தரவு வந்ததாம். பார்ஜ் தப்பித்தது.

"கடைசியாக் கட்டினது யாரு?" என்று அப்பா கேட்டார்.

"நான்தான். சங்கிலியைக் கம்பத்துல மாட்டினேன்" என்றாள் அக்கா.

"இல்ல, நான்தான். நான் அப்புறம் போய்க் கட்டினேன்" என்றாள் தங்கை.

"எதால கட்டினே?" என்றார் அப்பா.

தங்கை வாயைத் திறக்கவில்லை.

அந்த மௌனம் போதும் அக்காவுக்கு. சாயங்காலம் இவள் சங்கிலியை அவிழ்த்து ஒரு சுற்று போயிருக்கிறாள், திரும்பி வந்து கட்டாமல் விட்டிருக்கிறாள், இப்போது புளுகுகிறாள். அப்பா கீழ் ஆற்றில் மைல் கணக்காகத் தேடிவிட்டு வெறும் கையோடு வந்தார். ஆழமான தண்ணீர் பார்ஜ்காரர்களுக்குப் பிடித்துப்போனது. அந்த மட்டமே சட்டமாகி, கம்பங்கள் அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை. நாணலும் மெல்ல மெல்ல அழுகிப் போனது.

அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள்தான். கல்யாணம், குழந்தை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் வந்தார்கள், போனார்கள். ஆனால் அதற்குப் பிறகு இருவரும் ஒரே படகில் ஏறியதே இல்லை.

ஆற்று அலுவலகத்தில் தங்கையின் அறைச் சுவர் முழுக்க ஆறு இருந்தது. நீள வரைபடம். பார்ஜ் பாதையில் நீல நூல், முளைக்கும் இடங்களில் பச்சை ஊசி, மக்கள் குளிக்கவும் படகு விடவும் வருகிற இடங்களில் மஞ்சள் ஊசி. அக்காவின் துறையிலும் ஒரு மஞ்சள் ஊசி இருந்தது. அதற்குப் பக்கத்தில் எக்கச்சக்கமாகப் பச்சை.

"மனுவா? போன மனுவுக்கே இன்னும் பதில் போடலை" என்றாள் தங்கை, தலை நிமிராமல்.

"மனு இல்ல. தண்ணியை இன்னும் ஒரு சாண் இறக்கு."

தங்கையின் பேனா நின்றது. "என்னது?"

"காது கேட்குதுல்ல? ஒரு சாண்."

"தண்ணியை இறக்கினா ஆத்துல குதிச்சிடுவேன்னு இதே நாற்காலியில உட்கார்ந்து சொன்னே."

"குதிக்கறதுக்குத் தண்ணி எங்கடி இருக்கு?"

பக்கத்து மேஜை கிளார்க் சிரிப்பை அடக்க, தண்ணீர் குடிக்கிற மாதிரி டம்ளரை எடுத்துக்கொண்டார். அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"தவளை கிடைச்சிடுச்சு, வாலு."

தங்கையை அந்தப் பெயரில் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவள் மெல்ல எழுந்து கதவைச் சாத்தினாள்.

"எங்கே?"

"கட்டின இடத்துலயே. என் சங்கிலி, நான் மாட்டின கொக்கி, அப்படியே இருக்கு. அப்பா அவ்வளவு தூரம் போய்த் தேடினாரு. கட்டிப்போட்ட இடத்துலயே யாரு தேடுவா? இப்பச் சொல்லு, நான் கட்டினேனா இல்லையா?"

"நீ கட்டலைன்னு நான் எப்பச் சொன்னேன்? நானும் கட்டினேன்னுதான் சொன்னேன்."

"இன்னும் அதே புளுகு. மூக்கு மட்டும்தான் தெரியுது. ஒரு சாண் இறக்கினா பின்பக்கமும் தெரிஞ்சிடும். ஒண்ணுமே கட்டலைன்னு அதுவே சொல்லும்."

தங்கை வரைபடத்தைப் பார்த்தாள். அவள் முகம் அலுவலக முகமாக மாறுவது அக்காவுக்குத் தெரிந்தது.

"முடியாதுக்கா. இந்த வாரம் சிமென்ட் ஏத்தின பார்ஜ் ரெண்டு மேலேருந்து வருது. இப்ப இறக்கினா தரை தட்டும். கேப்டன் என்னைத் தூக்கி மதகுல போட்டுடுவாரு."

"அன்னிக்கும் ஒரு பார்ஜுக்காகத்தான் ஏத்தினாங்க. இன்னிக்கும் பார்ஜா?"

"அதுக இறங்கிப் போனதும் அடுத்த படி இறக்கறதா ஏற்கெனவே திட்டத்துல இருக்கு. தானா இறங்கும். அது வரைக்கும் அந்தப் பக்கம் கால் வைக்காதே. சேத்துல முளைச்சதெல்லாம் செத்துடும். போர்டு வச்சிருக்கோம், படிச்சிருப்பே."

"படிச்சேன். எழுத்துப் பிழை இருந்தது" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

காத்திருந்த நாட்களில் தங்கை ஒவ்வொரு சாயங்காலமும் துறைக்கு வந்தாள். "மட்டம் பார்க்க வந்தேன்" என்பாள். மட்டம் காட்டும் அளவுகோல் அணையில் இருந்தது, அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அக்கா அதைச் சொல்லிக் காட்டவில்லை. டீ போட்டு இரண்டு டம்ளரில் கொண்டு வந்து வைத்தாள்.

முதல் நாள் இருவரும் பச்சை மூக்கைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார்கள். மறுநாள் தங்கை, "டீச்சர் இருக்காங்களா இன்னும்?" என்றாள். "இருக்காங்க. என் வாத்துப் படகுல பேரனோட வருவாங்க. உன் நோட்டு காஞ்சிடுச்சான்னு கேட்டாங்க" என்றாள் அக்கா. தங்கை டீயைப் புரை ஏற்றிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் முகப்புப் பலகையைக் கை நீட்டிக் காட்டினாள். "அது நிஜமாவா?"

"பின்ன, விளையாட்டுக்கா பெயின்ட் அடிப்பாங்க?"

"இந்தப் பக்கம் பார்த்தியாக்கா?" என்று தங்கை ஆற்றோரத்தைக் காட்டினாள். சேற்றின் மேல் மெல்லிய பச்சை படர்ந்திருந்தது. நடுவில் விரல் உயரத்துக்கு நேரான, கூரான குருத்துகள். "நாணல். அதே நாணல். இங்கே வரும்னு தெரிஞ்சுதான் நான்…" என்று ஆரம்பித்து, மென்று விழுங்கினாள். "நீ போயிட்டா நான் யாருக்குக் காட்டறது?"

அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சிமென்ட் பார்ஜுகள் கடந்து போன மறுநாள் காலை தண்ணீர் ஒரு சாணுக்கும் மேலே இறங்கியிருந்தது. தவளை முழுசாக வெளியே வந்து சேற்றில் புதைந்து கிடந்தது. பின்பக்கம் இன்னும் சரியாகத் தெரியவில்லை, பாசி மூடியிருந்தது. பக்கத்தில் போனால்தான் தெரியும்.

அக்கா கொஞ்ச நேரம் கரையில் நின்றாள். சேற்றில் கால் வைக்கக் கூடாது. சரி, கால்தானே வைக்கக் கூடாது? முகப்புக்குப் போய், 'விற்பனைக்கு' பலகையைக் கழற்றினாள். முளைப்பு இல்லாத இடமாகப் பார்த்து, கல்லின் நுனியிலிருந்து தவளை வரைக்கும் போட்டு, எழுத்தின் மேல் ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தாள்.

"அக்கா! ஏய்! போர்டு வச்சிருக்கோம்ல!" தங்கை கரையிலிருந்து கத்தினாள். பின்னால் செடிக்காரர் கொடிகளோடு ஓடி வந்தார்.

"நானும் போர்டு மேலதான்டி நிக்கறேன்!"

தங்கை செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் பலகையில் ஏறினாள். "மேடம், ரெண்டு பேர் தாங்காது!" என்றார் செடிக்காரர். பலகை வளைந்தது, ஆனால் தாங்கியது.

அக்கா குனிந்து படகின் பின்பக்கப் பாசியை வழித்தாள். பின் வளையத்திலிருந்து பின் கம்பத்துக்கு ஒரு கயிறு போயிற்று. நைலான் கயிறு. நீலம். சுற்றிச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டு, ஓர் அங்குலம்கூட அசையாதபடி இழுத்துக் கட்டியிருந்தது. கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் துணிக்கிளிப் இன்னும் கவ்விக்கொண்டிருந்தது.

அக்கா அந்தக் கிளிப்பின் சேற்றை விரலால் துடைத்தாள்.

"இது அம்மாவோட துணிக்கொடி."

"ம்."

"அடுத்த வீட்டு அத்தை திருடிட்டாங்கன்னு அம்மா வாசல்ல நின்னு சண்டை போட்டாங்களே, அந்தத் துணிக்கொடி."

"ஆமாம்க்கா."

"ரெண்டு வீடும் கடைசி வரைக்கும் பேசிக்கலையே!"

"அப்பா எதால கட்டினேன்னு கேட்டப்போ அம்மா கொல்லையில நின்னு அத்தையைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் எப்படிச் சொல்வேன்? நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நாளைக்குச் சண்டை பெரிசாயிடுச்சு. அப்புறம் சொல்லவே முடியலை." தங்கை கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "காத்துல தவளை கல்லுல மோதிக்கிட்டே இருந்தது. நீ சங்கிலியைத் தளர்வா விட்டிருந்தே. உடைஞ்சிடும்னு பயந்து, அசையாம இருக்கட்டும்னு இழுத்துக் கட்டினேன்."

அக்கா படகுக்காரி. மற்றது அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் ஏறும் என்று தெரிந்த துறையில் கயிற்றைத் தளர்வாகத்தான் விட வேண்டும். காற்று அடித்தால் இறுக்கித்தான் கட்ட வேண்டும். அன்று காற்றும் அடித்தது, தண்ணீரும் ஏறியது. பின்பக்கம் எழும்ப முடியாமல், தவளை நின்ற இடத்திலேயே தண்ணீர் குடித்துவிட்டது.

"நான் சரியாத்தான் கட்டினேன்" என்றாள் அக்கா மெதுவாக. "நீயும் சரியாத்தான் கட்டினே. அப்பாவும் சரியாத்தான் மதகை மூடினாரு."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருந்தா அவ்வளவு தூரம் தேடியிருப்பாரா? பாவம், கால் வீங்கி வந்தாரு. அம்மா வெந்நீர் வச்சுக் கொடுத்தாங்க." அடுத்த நொடி அக்காவுக்கு என்ன தோன்றியதோ, சிரிக்க ஆரம்பித்தாள். "வெந்நீர் கொடுத்துக்கிட்டே, அந்தத் திருடி நல்லா இருப்பாளான்னு கேட்டாங்க. நீ மூலையில உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கிட்டிருந்தே!"

தங்கையும் சிரித்தாள். சிரிப்பில் பலகை ஆட, அவள் அக்காவின் தோளைப் பிடிக்க, அக்கா தவளையின் விளிம்பைப் பிடிக்க, கரையில் செடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சிரித்து முடித்தபோது இருவர் கண்ணும் நனைந்திருந்தது. துடைக்கக் கை சேறாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

தவளையைத் தோண்டி எடுத்து, காய வைத்து, பெயின்ட் அடித்து முகப்பில் நிறுத்த வேண்டும் என்று அக்கா அன்றே ஆள் தேடினாள். செடிக்காரர்தான் குறுக்கே வந்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. உள்ளே பாருங்க."

தவளையின் வயிற்றில் நிறைந்திருந்த வண்டலில், வெளியே எங்கும் இல்லாத அடர்த்தியில் நாணல் குருத்து விட்டிருந்தது. ஓரத்தில் வட்ட வட்டமாக அல்லி இலைகள். செடிக்காரர் அதன் மூக்கில் ஒரு சிவப்புக் கொடி குத்தியிருந்தார்.

அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடம் விட்டதும் நாங்களும் இப்படித்தான் இதுக்குள்ள நெருக்கிக்கிட்டு உட்காருவோம்" என்றாள். "இருக்கட்டும். எங்கேயும் போகாது. அதான் நல்லா இழுத்துக் கட்டியிருக்கே."

மாதக் கடைசியில் கிடங்குக்காரர் காரில் வந்து இறங்கி, முகப்பைத் தேடினார்.

"போர்டு இருக்கும்னு சொன்னாங்களே?"

"சேத்துல இருக்கு."

"விக்கறீங்கதானே?"

"போர்டை வேணா எடுத்துக்கிட்டுப் போங்க. நல்ல பலகை, ரெண்டு பேர் தாங்கும்" என்றாள் அக்கா.

அன்று மாலை மகனிடம் போனில், இந்த வருஷம் துறையில் வருமானம் இல்லை, அடுத்த வருஷமும் சந்தேகம்தான், ஆனாலும் அவன் ஊருக்கு வரப்போவதில்லை என்று சொன்னாள். ஏன் என்று கேட்டான். "நாணல் வளரட்டும், அப்புறம் நீ வந்து பாரு" என்று வைத்துவிட்டாள்.

கோடை முடிந்து தண்ணீரை மறுபடி ஏற்றுகிற நாள் வந்தது. நாணல் அதற்குள் ஆள் உயரம் வந்து, தண்ணீரைத் தாங்குகிற தெம்போடு நின்றது. அதன் நடுவே கால் நீண்ட பறவைகள் இரண்டு, வாடகை பேசிக்கொள்வதுபோல் உலாவின. தண்ணீர் முதலில் தவளையை மூடியது, பிறகு கம்பங்களை, பிறகு கல் இறக்கத்தை, கடைசியில் வாத்துப் படகைத் தொட்டது. சாய்ந்திருந்த வாத்து மெல்ல நிமிர்ந்தது.

வருகிற போகிற படகுகள் மோதிவிடாமல் இருக்க, தவளை கிடக்கும் இடத்துக்கு மேல் ஓர் அடையாள மிதவை போட வேண்டும் என்பது விதி. வழக்கமாக அதற்கு அலுவலகப் படகு ஆட்களோடு வரும். அன்று தங்கை மட்டும் வந்தாள், கையில் மஞ்சள் மிதவையும் ஒரு சுருள் கயிறும்.

"உன் படகுல ஏத்திக்கறியா?"

"வாடகை உண்டு" என்றாள் அக்கா, துடுப்பை எடுத்துக்கொண்டே.

தங்கை முன்னால் போய், பழக்கம் விட்டுப்போன உடம்போடு முனகிக்கொண்டே குப்புறப் படுத்தாள். அக்கா துடுப்பு போட்டாள். நாணல் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு வந்தது.

"இடது, இடது… ஐயோ வலது!"

"ஐம்பது வயசாச்சு, இன்னும் உனக்கு இடது வலது தெரியலையேடி. உன்னை நம்பி ஒரு ஆத்தையே கொடுத்திருக்காங்க."

தவளைக்கு மேலே வந்ததும் நின்றார்கள். தண்ணீர் தெளிந்திருந்தது. கீழே பச்சையாக ஒரு நிழல் குந்தி உட்கார்ந்திருந்தது. தங்கை கயிற்றின் நுனிக் கொக்கியை ஒரு கழியால் கீழே இறக்கி அதன் மூக்கு வளையத்தில் மாட்டிவிட்டு, மறுமுனையை மிதவையில் இறுக்கப் போனாள்.

"ஏய், ஏய்! கயிறைத் தளர்வா விடுடி!" அக்கா துடுப்பாலேயே அவள் கையைத் தட்டினாள். "இன்னும் விடு. இன்னும். உன் பார்ஜ்காரன் நாளைக்கே போன் பண்ணி ஏத்தச் சொல்வான்."

"காத்து அடிச்சா சுத்தும்க்கா."

"சுத்தட்டும்."